திருநீறு அரிக்காத கண்ணாடி

என் ஆசை அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்டு எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனாலும் உங்களிடம் சண்டை போட எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. ஊரும் கேட்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உங்கள் கெமராவைக் கெடுத்தது நீங்கள் பூசிய திருநீறு இல்லை, அண்ணே.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். ஹட்டனில் மாடிப்படி ஏறினால் நம்முடைய ஸ்டூடியோ. படம் எடுப்பது நீங்கள், அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த நாம் அந்த வெளிநாட்டுக் கெமராவை வாங்கியது அகலக்கால் வைத்ததுதான். "இந்தப் பேரு போட்ட கெமரா யாரையும் ஏமாத்தாது கலா" என்று அடித்துச் சொன்னீர்கள். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பெரிய பெரிய கெமராக்களோடு வர, உங்கள் கையில் சின்னதாக அது. "இதுல படம் விழுமா?" என்று கேலி செய்தவர்கள் ஆல்பத்தைப் பார்த்ததும் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் உங்களையே கூப்பிட்டார்கள்.

ஆயுத பூஜையில் முதல் மரியாதை அதற்குத்தான். மேலே திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைப்பீர்கள். தேயிலை பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலருக்கே பொட்டு வைக்கிற ஆட்கள் நாம், கெமராவை விட்டுவிடுவோமா?

பிறகுதான் அந்தப் புள்ளிகள் வந்தன. கந்தப்பளையில் ஒரு கல்யாணம். கோயில் வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும், பின்னால் அதிசயமாக வெயில் அடித்த வானம். அந்த வானத்தில், கஞ்சி சிந்திக் காய்ந்த தடம் போல வட்டம் வட்டமாக இருந்தது. லென்ஸைத் துடைத்தீர்கள், போகவில்லை. வேறு லென்ஸ் போட்டீர்கள், அப்போதும் போகவில்லை. உள்ளே, படம் பதிகிற சென்சரை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியில்தான் கோளாறு என்று புரிந்ததும் இரண்டு பேரும் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

கெமரா கம்பனியின் ஏஜென்சியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மறந்திருக்க மாட்டீர்கள். கெமராவின் தோல் ஓரத்தில் ஒட்டியிருந்த திருநீற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார். "மலைநாட்டு ஈரம் ஒரு பக்கம், இந்தச் சாமித் தூள் ஒரு பக்கம். உள்ளுக்குப் போயிட்டுது. இது எங்கட பிழை இல்ல" என்றார். நீங்கள் அந்த இடத்திலேயே தலையைக் குனிந்துவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் சொன்னேன். "அண்ணே, தூளுன்னா ஊதுனா நகரும். இது எல்லாப் படத்துலயும் அதே எடத்துல நிக்குது. ஒவ்வொண்ணா அழிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?"

"வாய மூடு. படிச்சவங்க பாத்துச் சொல்லிட்டாங்க" என்றீர்கள். றொசல்ல ஸ்டேஷன் தாண்டி ஹட்டன் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆல்பம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், "என் கையாலதான் கெட்டுப்போச்சுங்க, மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டு நின்றீர்கள். அந்த வருஷம் நம் ஸ்டூடியோவில் ஆயுத பூஜை இல்லை. கல்யாணங்களும் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போயின. மாரடைப்பு வந்து நீங்கள் போன அன்று, சாவு வீட்டிலேயே ஒருவர் சொன்னார்: "பாவம், சாமி கும்புட்டே கெமராவக் கெடுத்துக்கிட்டாரு." உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன மாதம், உதிரிப் பாகத்துக்காவது போகட்டும் என்று கெமராவை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். எங்கேயோ பாலைவன நாட்டில் இருக்கும் ஒருவர், "கண்ணாடி பழையதா, கம்பனி மாற்றிக் கொடுத்ததா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேடிப் பார்த்தேன். இதே கெமரா வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகப் படம் போட்டுப் புலம்பியிருக்கிறார்கள். மழையே பெய்யாத ஊர் வானத்திலும் அதே வட்டங்கள். அவர்கள் எல்லாரும் ஆயுத பூஜை கொண்டாடினார்களா, அண்ணே?

அந்தக் கண்ணாடியே காற்றிலுள்ள கொஞ்ச நஞ்ச ஈரத்துக்கும் அரித்துப்போகிற ரகமாம். கம்பனியே அதை ஒத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு இலவசமாக மாற்றியும் கொடுத்திருக்கிறது. நாம் கொழும்பில் போய் நின்றபோது அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஏஜென்சிக்கு போன் எடுத்தேன். ஒரு பெண் பேசினார். "அந்த ஸ்கீம் முடிஞ்சிட்டுது மிஸ். இப்ப பார்ட்ஸும் இல்ல. புதுசு எடுத்தா விலையில கழிவு தருவோம்."

"எங்க அண்ணன் வந்து நின்னப்போ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க?"

"அப்ப இங்க வேலை செஞ்ச சேர் இப்ப இல்ல மிஸ்."

பொருள் என்றால் பழுதாகும், அதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த மனிதர் தெரியாமல் சிரித்தாரா, தெரிந்தே சிரித்தாரா? நம் நெற்றியில் இருக்கிற திருநீற்றைக் காட்டி நம் வாயை அடைத்துவிட்டார்களே.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு நிமிஷம் பார்த்த ஆள் சொன்னதை நம்பினீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்த என்னை நம்பவில்லை. அத்தனை வருஷம் படம் பிடித்த உங்கள் கையைக்கூட நீங்கள் நம்பவில்லை. ஏன் அண்ணே?

நேற்று கந்தப்பளைக்குப் போனேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "இதே வாசல்லதாம்மா கும்புட்டுக்கிட்டு நின்னாரு. நாங்க உள்ள வாங்கன்னுகூடச் சொல்லலயே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நீங்கள் கேட்ட மன்னிப்பை அந்த வீட்டிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன. ஒன்றையும் விட மாட்டேன். நீங்கள் தலை குனிந்த வாசல் ஒவ்வொன்றிலும் நின்று, "எங்க அண்ணன் கையில தப்பு இல்லங்க" என்று சொல்வேன். கடைசியாகக் கொழும்புக்குப் போவேன். அந்த வாசலில் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டேன். அவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அங்கேயே நிற்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் நம்பாமல் போன தங்கச்சி,
கலா