எழுநூறு அடித் தண்ணீர்

குத்துக்கல்வலசை,
ஆவணி 12

அன்பு மகள் அபிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகம் என்று கேட்டால்தான் இங்கே எங்களுக்குச் சோறு இறங்கும். குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது, சாரல் மட்டும் விட்டபாடில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மா உள்ளங்கையில் சொரசொரவென்று புள்ளிகள் விழுந்ததைப் பார்த்த டாக்டர், குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். நம் போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதாம், அதாவது பாஷாணம். கார்த்திகையில் நீ தலைப்பிரசவத்துக்கு வருகிற வீட்டில்!

யார் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். பக்கத்துத் தோட்டத்து செல்லப்பாதான். பயிருக்கு மருந்து அடிக்கிறவன், வரப்பில் காலி டப்பா கிடந்தது, அதை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அவங்களும்லா நம்ம தண்ணியக் குடிக்காங்க என்றாள் உன் அம்மா. நடிக்கிறவனை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போன கோடையில் அவன் கிணறு வற்றியபோது நம் போரிலிருந்து அவன் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்த குழாயை அறுத்தேன். காரணம் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் கையிலும் புள்ளி இருக்கிறதா என்று உன் அம்மாதான் ஓடிப்போய்ப் பார்த்தாள், நல்லவேளை இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை அபி.

பிறகு நிலத்தடி நீர் பார்க்கிற ஷெர்லின் என்ற பெண் வந்தாள். யாரும் கலக்கல சார், பாறையிலயே இருக்கு, சில பாறையில இந்த விஷம் இயற்கையாவே உண்டு, தண்ணி வருஷக்கணக்கா அந்த இடுக்குல கிடந்தா கரைஞ்சு வந்துரும், நிறமும் தெரியாது ருசியும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது என்றாள். செல்லப்பாவுக்குச் சொந்தமோ என்று அவள் ஊரை விசாரித்தேன், ஆலங்குளமாம். அப்படியும் நம்பாமல் வேறு பெயரில் திருநெல்வேலி லேபுக்கு ஒரு பாட்டில் அனுப்பினேன். அதே பதில். ஷெர்லின் சோதித்ததில் செல்லப்பாவின் நாற்பதடிக் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாம்.

முப்பத்திரண்டு வருஷம் காக்கி போட்டவன் பாறையை எந்த ஸ்டேஷனுக்கு இழுத்துப்போவேன்? போர் போட்ட அன்று இருநூறு அடியிலேயே தண்ணீர் வந்தது. போதும் அண்ணாச்சி, இங்கனயே நிறுத்திருங்க என்று செல்லப்பா சொன்னான். இவன் ஏன் தடுக்கிறான், ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுநூறுக்கு இறக்கினேன். உன் அம்மாவுக்கு ஏழு வருஷம் அதைக் குடிக்கக் கொடுத்தவன் நான்தான். இப்போது நிறுத்திவிட்டோம், கை மெல்லத் தேறும் என்கிறார் டாக்டர்.

நேற்றுக் காலையில் செல்லப்பா வந்தான். நான் அறுத்த அதே குழாயை ஒட்டி, தன் கிணற்றிலிருந்து நம் அடுப்படிக்குத் தண்ணீர் விட்டான். ஏன் அறுத்தேன் என்று கேட்கவில்லை. நான் பத்திரப்படுத்திய காலி டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

நீ தைரியமாக வா. மகராசியாக இரு, சுகமாகப் பெற்றெடு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. ஊரில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே, முதலில் செல்லப்பா மாமா வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடி. உன் அப்பன் அனுப்பினான் என்று சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
தளவாய்