கரடியைப் பிடித்த கை

மார்ச் 3
பார்சல் வந்தது. உள்ளே ஒரு பழுப்புக் கரடி, கழுத்தில் சிவப்புத் துணிப்பை. கரடியின் முதலாளியம்மாவுக்கு வயசு ஆறு. ஊர் சுற்றும் பொம்மைகள் சங்கத்தில் நாங்கள் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் பொம்மையைத் தபாலில் அனுப்புவார்கள். நாம் அதை ஊரெல்லாம் கூட்டிப் போய், படம் எடுத்துப் போட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். படம் எடுப்பது நான். பொம்மை நிமிர்ந்து நிற்க, பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது என் வீட்டுக்காரர். எந்தப் படத்திலும் அவர் முகம் இல்லை, கை மட்டும்தான். பஸ் கதவில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரலோடு. சங்கத்தில் எல்லோருக்கும் அவர் 'கைத் தாத்தா'.

ஜனவரியில் அவர் போனதை அங்கே யாருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 5
மணிக்கூண்டுக்குப் போனோம். போனோமாம்! நானும் ஒரு பஞ்சுக் கரடியும். தண்ணி பாட்டிலை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் குப்புற விழுகிறது.

"பொம்மைக்கெல்லாம் டிக்கெட் வேணாம்மா" என்று சிரித்தாள் டிக்கெட் கொடுக்கிறவள். பழக்கதோஷம். இரண்டு கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6
படங்களைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் அம்மா எழுதியிருக்கிறாள்: 'கைத் தாத்தா எங்கேன்னு கேக்கிறா ம்மா. அவர் பிடிச்சுக்குவார்னுதான் கரடிய உங்க வீட்டுக்கே அனுப்பினா.'

வெளியூர் போயிருக்கார்னு எழுதிட்டேன். ஏன் அப்படி எழுதினேன்? கை கூசவே இல்லையே எனக்கு.

மார்ச் 7
குழந்தையே பேசி அனுப்பியிருக்கிறாள். "தாத்தா வந்ததும் படகுல கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் கரடி உங்க வீட்லயே இருக்கட்டும்."

நல்லா மாட்டிக்கிட்டேன்.

மார்ச் 12
கரடியை அவர் நாற்காலியில் உட்கார வைத்தேன். வாசலைப் பார்த்தபடி.

மார்ச் 15
அக்கா வந்தாள். வந்தவள் நேராக அந்த நாற்காலியில் உட்காரப் போனாள். "அங்க உட்காராதே!" கத்திவிட்டேன். பாவம், பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்குடி இடம் பிடிச்சு வெச்சிருக்கே?"

"கரடிக்கு."

"கரடியத்தான் நீ மடியில வெச்சு தைச்சிட்டு இருக்கியே."

குனிந்து பார்த்தேன். ஆமாம். அக்குளில் தையல் விட்டிருந்தது என்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.

மார்ச் 18
லிப்ட் நம் மாடியில் நின்றது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர். "நல்லா இருக்கீங்களா?" என்றார். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே வந்தால் மேஜையில் இரண்டு கப் டீ. நான்தானே போட்டிருக்கணும்? வேற யார் போடுவா? பயமா இருக்கு. குழந்தைக்குச் சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பிச்சிட்டேனா?

மார்ச் 19
மறுபடியும் குழந்தையின் அம்மா: 'கரடி இல்லாம சரியாவே தூங்க மாட்டேங்கிறா. அனுப்பச் சொல்லட்டுமான்னா, தாத்தா வரட்டும்னு ஒரே பிடிவாதம். எப்போ வருவார் ம்மா?'

எப்போ வருவார்.

மார்ச் 20
படகுத்துறைக்குப் போனேன், அவருடைய கோடு போட்ட முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு. வெட்கங்கெட்ட வேலைதான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் கரடி. துவைத்து வைத்த சட்டைதான், ஆனாலும் அவர் வாசனை இருந்தது. படகு ஆடியபோது என் கைமேல இன்னொரு கை வந்து பிடிச்ச மாதிரி... இல்லை, காத்துதான். காத்தாத்தான் இருக்கும்.

படத்தை அனுப்பினேன். கரை சேர்வதற்குள் குழந்தையின் குரல் வந்துவிட்டது. "இது தாத்தா கை இல்ல. சுண்டுவிரல் நேரா இருக்கு."

படகுக்காரர் இறங்கச் சொல்லியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன். தாத்தா செத்துப்போயிட்டார்டா கண்ணு, இனிமே வர மாட்டார், பாட்டி பொய் சொல்லிட்டேன். இத்தனை நாளில் வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான். பின்னால் அவள் அம்மா பதறுவது கேட்டது. குழந்தைதான் பேசினாள்.

"அப்போ கரடிய அனுப்பிடுங்க பாட்டி. எனக்குத் தூக்கம் வருது."

மார்ச் 21
அனுப்பிட்டேன். வீடு வெறிச்சுன்னு கிடக்கு.

ஏப்ரல் 2
படம் வந்தது. அவர்கள் வீட்டு ஜன்னலில் கரடி. பின்னாலிருந்து ஒரு குட்டிக் கை அதைப் பிடித்திருக்கிறது. சுண்டுவிரலை வேணும்னே வளைச்சு வெச்சிருக்கா, வாலு. சிரிச்சேன், அழுதேன், திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.

அக்கா வந்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே, ஞாபகமில்லாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

லிப்ட் நம் மாடியில் நின்றது. அக்காதான் வாசலை எட்டிப் பார்த்தாள். நான் டீ போட எழுந்துபோனேன். அக்காவுக்கும் எனக்குமாக இரண்டு கப்தான் எடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.