நீர் வாரும்

11.8.2004, புதன்

கடையில் இன்று நாலு பயோடேட்டா, ஒரு பட்டா மனு, ஒரு காரியப் பத்திரிகை. எல்லாம் மற்றவர்கள் வாழ்க்கை. நான் டைப் அடிக்கிறேன், அவ்வளவுதான்.

மதியம் மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் வந்தார். பெயர் சவரிமுத்து, பெரிய முதலியார்சாவடிக்காரர். வாரத்துக்கு இரண்டு நாள் மரக்காணம் பக்கம் வருவாராம். அவர்கள் சபையில் பாட ஒரு பாட்டுத் தாள் வேண்டும், நூற்றைம்பது காப்பி. கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது. முதல் பாட்டே தப்பு. "நீர் வாரும், என் கரை தாண்டி வாரும்" என்று எழுதியிருக்கிறார். நீரை எவனாவது வாருவானா? உப்பைத்தான் வாருவார்கள். அதுவும் உப்பளத்துக்காரர் மகளிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்! "நீர் வரும், என் கரை தாண்டி வரும்" என்று நானே திருத்திவிட்டேன். தமிழ் தெரியாத ஆட்கள்.

13.8.2004, வெள்ளி

மானம் போச்சு.

சவரிமுத்து தாளைப் படித்தார். சிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடியும் சிரித்தார். "சிஸ்டர், வாரும்னா வாங்கன்னு அர்த்தம். நீர்னா நீங்க. நாங்க சாமியைக் கூப்புடறோம், தண்ணியை இல்ல." பள்ளிக்கூடத்தில் படித்த அதே 'நீர்'தான். ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்?

வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பேனாவை எடுத்தார். 'வரும்' 'வாரும்' ஆக ஒரு துணைக்கால் போதுமே. ஆளுக்கு எழுபத்தைந்து தாள், தாளுக்கு இரண்டு கால். போட்டுக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினார், இடது கையால் மேஜையில் தாளம். சர்ச் பாட்டு என்றால் இழுத்து இழுத்துப் பாடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இது துள்ளுகிறது! ஐம்பதாவது தாளுக்குள் நானும் பாடிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்னா சிஸ்டர், இந்தக் குரலை வெச்சிக்கினு இங்க இன்னா பண்றீங்க?"

என்ன பண்ணுகிறேன்?

15.8.2004, ஞாயிறு

போய்விட்டேன்! அம்மாவிடம் தோழி வீடு என்று சொல்லிவிட்டு பாண்டி பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிறாராம், கையில் மண் கூடப் போகவில்லை. பேஸ் கிட்டார் காதுக்கு முன்னால் நெஞ்சில் கேட்கிறது. எனக்கு யாரும் அதைச் சொல்லவே இல்லையே! நூற்றைம்பது பேர், நான் கால் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடுகிறார்கள். பள்ளியில் காலை வாழ்த்துப் பாடியதோடு சரி, அதற்கப்புறம் இன்றுதான் வாய் விட்டுப் பாடினேன். ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. துக்கம் இல்லை. சத்தியமாக இல்லை.

பாஸ்டர் பெயர் தட்சணாமூர்த்தி! மாற்றவில்லையா என்று கேட்டுவிட்டேன். "எங்க அம்மா வெச்ச பேரும்மா. ஏசு மாத்தச் சொல்லல" என்றார்.

எல்லோரும் என்னை சிஸ்டர் என்கிறார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

6.10.2004, புதன்

எழுதிவைக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது.

காலையில் கடைக்கு சைக்கிளில் போகும்போது அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போனேன். உப்பளத்து ரோடு, இரண்டு பக்கமும் ஆளே இல்லை. நடுவில் வரி மறந்துவிட்டது, நிறுத்திவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. யாரோ இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், மிச்சத்தையும் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார். பயமே இல்லை. சைக்கிளை நிறுத்தி, "ஏசுவே, நான் இலக்கியா" என்று சொன்னேன். பைத்தியம் மாதிரி. அவ்வளவுதான் நடந்தது.

இன்று முழுக்க ஒரு எழுத்துப் பிழை கூட அடிக்கவில்லை.

19.11.2004, வெள்ளி

மழை. உப்பு வேலை இல்லை, அப்பா வீட்டில். சபையில் வாங்கின பாட்டுக் கேசட் போட்டேன். அப்பா பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "யாருடி அது, கரை தாண்டி வரச் சொல்றது? நாலு நாளா மண்ணு போட்டு இப்பதான் பாத்திக் கரையை உசத்தினு வந்திருக்கேன்." அம்மா சிரித்துவிட்டாள். நானும். அர்த்தத்தைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

28.12.2004, செவ்வாய்

இரண்டு நாளாக எழுதவில்லை. எங்கள் தெரு தப்பித்தது. உப்பளத்தில் கடல் ஏறி எல்லாப் பாத்தியும் சேறு. அது போகட்டும்.

கடலோரக் குப்பம் இல்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வசந்தாக்காவின் மகள் ஷாலினி இல்லை. ஏழு வயசு. கடைக்கு வந்தால் கீபோர்டில் அவள் பெயரை அடிக்கச் சொல்லிக் கேட்பாள்.

நீர் வரும், கரை தாண்டி வரும். இந்தக் கைதான் டைப் அடிச்சது. இந்தக் கைதான்.

20.2.2005, ஞாயிறு

சபையிலிருந்து எல்லோரும் குப்பத்து ஜனங்களின் தற்காலிகக் குடியிருப்புக்கு அரிசி, பாய் கொண்டு வந்தார்கள். கொடுத்து முடித்ததும் பிள்ளைகள் பாட்டுக் கேட்டார்கள். சவரி அண்ணா கிட்டாரை எடுத்து "நீர் வாரும்" என்றார். "அது வேணாம்ணா" என்றேன். "அது தண்ணி இல்ல இலக்கியா, ஜனங்களுக்குப் புரியும்" என்றார். எனக்கு இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. பாடினேன். என் குரல்தான், மைக்கில்.

இரண்டாவது வரியில் வசந்தாக்கா எழுந்தாங்க. "யாரைடி வரச் சொல்ற? கரை தாண்டி வரச் சொல்றியா? வந்துச்சே! வந்து எடுத்துக்கினு போச்சே! இன்னொரு தபா கூப்புடறியா?"

நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். எனக்குத் தெரியும்ல? எனக்குத் தெரிஞ்சும் ஏன் பாடினேன்?

21.2.2005, திங்கள்

இனிமேல் பாடுவதில்லை.

10.3.2005, வியாழன்

சவரி அண்ணா கடைக்கு வந்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை. "நீ சொன்ன, நான் கேக்கல. தப்பு என்னுது" என்றார். அந்தப் பாட்டை இந்தக் கரையில் இனிப் பாடமாட்டார்களாம். போகும்போது திரும்பி, "இங்க இருக்கறவங்க காது உனக்குத்தான் இருக்குது. நீ எழுதேன்" என்றார்.

நான் டைப் அடிக்கிறவள். எழுதுகிறவள் இல்லை. ஆனால் அவர் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வசந்தாக்காவிடம் போக வேண்டும். அவங்க முகத்தைப் பார்க்காமல் நான் எந்தச் சாமியிடம் பாடுவது?

14.4.2005, வியாழன்

ஐந்தாவது வியாழன். கடை முடிந்ததும் போகிறேன், தகரக் கொட்டகை வாசலில் வசந்தாக்கா பக்கத்தில் உட்கார்கிறேன். அவங்க வலை நூலைப் பிரிப்பாங்க. நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன், வராது. இருட்டினதும் கிளம்பிவிடுவேன். போகாதே என்றும் சொல்வதில்லை, வா என்றும் சொல்வதில்லை.

5.5.2005, வியாழன்

பேசிட்டாங்க!!

"வர்றவங்க எல்லாம் பேசிக்கினே இருக்காங்க. ஆறுதல் சொல்றாங்க, அதிகாரிங்க எழுதிக்கினு போறாங்க. நீ ஒருத்திதான் சும்மா உக்காந்திருக்க. நல்லாத்தான் இருக்குது." அவ்வளவுதான். மன்னிச்சேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வழியெல்லாம் சைக்கிளை மிதித்தேனா பறந்தேனா தெரியாது.

6.5.2005, வெள்ளி

ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் வந்துவிட்டது, ராகத்தோடு!

வாங்க, பக்கத்துல உக்காருங்க
ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா உக்காருங்க

நீர் இல்லை. வாரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவரை நாம் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படி. பத்திரத்துக்கு நடுவிலேயே அடித்துவிட்டேன். கட்சிக்காரர் எடுத்துப் படித்துப் பார்த்து, "இது எந்தப் பாகத்துல வருதும்மா?" என்றார். நல்லவேளை ஓனர் பார்க்கவில்லை.

நேற்று நான் உட்கார்ந்த மாதிரிதான் ஏசு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சைக்கிள் நிறுத்திய அன்றிலிருந்து. இப்போதுதான் புரிகிறது.

22.5.2005, ஞாயிறு

என் பாட்டு! பேஸ் கிட்டாரோடு! முதலில் டிரம்ஸ் இல்லாமல் ஆரம்பித்தோம், இரண்டாவது சரணத்தில் டிரம் விளிம்பில் ஸ்டிக் தட்டு மட்டும், அப்புறம் எல்லாம் சேர்ந்து. சவரி அண்ணா ஒரு இடத்தில் கிட்டாரைத் தப்பாக வாசித்தார். கேட்டால், அழுகையில் விரல் தெரியவில்லையாம். சென்னையில் சி.டி போடுகிற குழுவுக்கு என்னை அனுப்பலாம் என்று பாஸ்டர் சொன்னார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. என் வேலை இந்தக் கரையில் இருக்கிறது. இந்த ஜனங்கள் வாயில் நுழைகிற பாட்டு செய்ய வேண்டும். இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது!

8.9.2005, வியாழன்

வசந்தாக்காவிடம் பாடிக் காட்டினேன். மைக் இல்லாமல், மெதுவாக.

முடித்ததும் கேட்டாங்க: "யாரை உக்காரச் சொல்ற?"

"ஏசுவை, அக்கா."

"அவருக்கு இன்னா தெரியும்? அவரு புள்ளை செத்துச்சா?"

"அவரே செத்தாருக்கா. அவங்க அம்மா பாத்துக்கினு நின்னாங்க."

நூலைக் கீழே வைத்துவிட்டாங்க. அப்புறம், "அப்ப அந்தம்மாவை உக்காரச் சொல்லு" என்றாங்க.

11.9.2005, ஞாயிறு

மூன்றாவது சரணம்:

வரும்போது உங்க அம்மாவும் வரட்டும்
பாத்துக்கினு நின்னவங்களுக்குத் தெரியும்

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாவைப் பாடறது நம்ம சபை வழக்கம் இல்லையேம்மா." வேண்டுதல் இல்லை பாஸ்டர், கூட வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான் என்றேன். யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சொன்னேன். சவரி அண்ணா கிட்டாருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

கடைசியில் பாஸ்டர், "ஏசுவே கல்யாண வீட்டுக்கு அம்மாவோடதான போனாரு. பாடுங்க" என்றார். தட்சணாமூர்த்தி பாஸ்டர் வாழ்க!

26.12.2005, திங்கள்

ஒரு வருடம். குடியிருப்பில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நாங்களும் கிட்டார் கொண்டுபோகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். வசந்தாக்காதான் ஆரம்பித்தாங்க. "வாங்க, பக்கத்துல" என்று, சுதி எங்கேயோ போகிறது. பக்கத்திலிருந்த பொம்பளைகள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவரவர் யாரை உட்காரச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஷாலினி பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்துக் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன்.

15.2.2006, புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞானஸ்நானம், மார்ச் ஐந்து.

அப்பா பீடியை அணைத்தார். பிறகு, "பேரை மாத்திடுவாங்களா? நல்ல தமிழ்ப் பேரா தேடி வெச்சேன்."

"பாஸ்டர் பேரே தட்சணாமூர்த்திப்பா."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. ஆனால் வரமாட்டாராம். அன்றைக்கு உப்பு வாருகிற நாள் என்றார். இருக்கலாம். அம்மா என் பழைய பச்சைப் புடவையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

5.3.2006, ஞாயிறு

கை இன்னும் ஈரமாக இருப்பது போல் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இங்கேதான், எங்கள் கடலில்தான் என்று அடம்பிடித்தது நான். பாஸ்டருக்கு இந்தக் கரை பழக்கம் இல்லை. இரண்டு அடி வைத்தார், ஒரு அலை வந்து அவரை உட்காரவைத்துவிட்டது. கண்ணாடியைத் தேடி எல்லோரும் மணலைத் துழாவுகிறோம். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

வசந்தாக்கா மேட்டில் நின்றிருந்தாங்க. ஷாலினி போனதிலிருந்து அவங்க கால் நனைய வந்ததே இல்லை. ரோட்டில் வண்டியில் வருகிற மீனைத்தான் வாங்குவாங்க. ஓடுகிறபோது பிள்ளையின் கை அவங்க கைக்குள்தான் இருந்ததாம், அலை பிடுங்கியதாம். ஒரே ஒரு வியாழன் அதைச் சொன்னாங்க.

"பாஸ்டரே, நில்லு!" என்று ஒரு சத்தம். திரும்பினால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வசந்தாக்கா தண்ணிக்குள் வர்றாங்க. முழங்கால், இடுப்பு. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாஸ்டரிடம் சொன்னாங்க: "உனக்குக் கடல் தெரியாது. நீ மந்திரத்தைச் சொல்லு, அலையை நான் பாத்துக்கறேன்."

பாஸ்டர் கைகட்டி நின்றுவிட்டார். கரையில் கிட்டாரும் நின்றுவிட்டது. அவங்க கடலையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. ஒன்று போனது. இன்னொன்று போனது. பெரியதாக ஒன்று வந்தது, என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாங்க, அதுவும் போனது.

"இப்போ" என்றாங்க.

பாஸ்டர் அவசர அவசரமாகச் சொன்னார், நான் உள்ளே போனேன். பச்சை. சத்தமே இல்லை. மேலே வந்தேன். கரையில் எல்லோரும் பாடுகிறார்கள், பாஸ்டர் கையை விட்டுவிட்டார், நான் சிரிக்கிறேன், அழுகிறேன், மூக்கெல்லாம் உப்புத் தண்ணி.

வசந்தாக்கா விடவில்லை. மணல் வரைக்கும் விடவில்லை. மணலுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. மணிக்கட்டில் நாலு விரல் தடமும் சிவப்பாக இருக்கிறது.