வடபழனிப் பழங்குடி

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு வராமல் போனது. ஸ்கூட்டர் பின் டயர் மாற்ற வேண்டும். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி கவிழ்ந்து பெரிய நெரிசல். யாருக்கும் காயமில்லை, ஆகவே செய்தியும் இல்லை.

அங்கிருந்து பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை, இருளர் தெரு. முருகம்மாவின் மகள் ரோஜாவுக்கு இன்று சாதிச் சான்றிதழ் விசாரணை. ரோஜா செல்போன் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, 'பி' ஷிஃப்ட். அரசு நர்சிங் பள்ளியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. 14ஆம் தேதிக்குள் எஸ்.டி. சான்றிதழ் காட்டாவிட்டால் இடம் போய்விடும். விண்ணப்பம் போட்டது போன வருடம்.

முருகம்மா சொல்லி அனுப்பியதால் போனேன். "நீ சும்மா நில்லு சார், போதும். பேப்பர்காரரு நின்னா மரியாதியா பேசுவானுங்கோ."

பேசவில்லை.

வருவாய்த் துறை அதிகாரி (டைரியிலும் பெயர் வேண்டாம், அ. போதும்) ஜீப்பில் இருந்து இறங்கியதும் தெருவை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் தளம் போட்ட வீடா இருக்கு?" அரசாங்கமே கட்டிக்கொடுத்தவை. சுவரில் திட்டத்தின் பெயர் அவர் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது.

பிறகு ரோஜாவிடம்:

"பாம்பு பிடிப்பியா?"

"பல்லின்னாலே பயம் சார்."

"எலி?"

"கம்பெனி கேன்டீன்ல கீது சார். புடிக்கறதில்ல."

உடன் வந்த எழுத்தர் சிரித்துவிட்டார். அ. சிரிக்கவில்லை.

"உங்க ஆளுங்களுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்குமே. அதாவது தெரியுமா?"

"கல்யாணத்துல எல்லாரும் ஆடறதுதான் சார்."

முருகம்மா நடுவில் புகுந்தாள். "மாசி மாசம் மாமல்லபுரம் கடலுக்குப் போயி கன்னியம்மாவுக்குப் படைப்போம் சார். எங்க ஜனம் மொத்தமும் வரும். பொண்ணு பாக்கறது, கல்யாணம் பேசறது எல்லாம் அங்கதான். அத கேளு சார்."

"கடலுக்கு எல்லாரும்தான்மா போறாங்க" என்றார் அ.

கேட்காமலே கிடைத்த ஒரே உண்மையான பதில். அதை எழுதிக்கொள்ளவில்லை. கடைசியாக ரோஜாவின் நகச்சாயத்தையும் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையும் பார்த்து, "பார்த்தா அப்படித் தெரியலையே" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

இதே குடும்பம் அரிசி ஆலை ஒன்றில் கொத்தடிமையாகக் கிடந்தது. மீட்ட அன்று செய்தி எழுதியவன் நான். இவர்கள் இருளர் என்று தெரிந்துகொள்ள அந்த ஆலை முதலாளிக்குச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மின் கட்டணம் கட்டியாயிற்று. சர்க்கரை மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. டயர், இல்லை.

அழைப்பிதழ் வந்தது. கெட்டி அட்டை, பச்சை இலை ஓவியம். உலகப் பழங்குடியினர் நாள் விழா, சனிக்கிழமை, ஒரகடம் நட்சத்திர ஓட்டல். 'உலகெங்கும் பழங்குடியினரின் உரிமை, மொழி, சூழல் காப்போம்.' செலவு ஒரு தொழிற்சாலையின் அறக்கட்டளையுடையது. ஏரியைக் காக்கிறோம் என்று வேலி போட்டவர்களும் இவர்களே. முருகம்மா நண்டு பிடித்த கரையில் இப்போது நடைபாதை, நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு இதய வடிவப் பலகை. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போட்டுவைத்தேன்.
— இருளர் பாரம்பரிய நடனம்.
— சிறப்புரை: அ., 'மண்ணின் முதல் மக்கள்'.

சாயங்காலம் ரோஜா போன். காலையில் அலுவலகம் போயிருக்கிறாள். அ. இல்லை. "ஃபங்ஷன் வேலையா கீறாராம் சார். இன்னா ஃபங்ஷன்னு கேட்டேன், உங்களுக்காகத்தாம்மான்னு சொன்னாங்க."

ஆகஸ்ட் 9, சனி

வெயில். ஓட்டலுக்குள் மார்கழிக் குளிர்.

ரோஜா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், அ.வை இங்கேயாவது பிடித்துவிடலாம் என்று. வாசல் காவலர்: "ஒர்க்கர்ஸ்லாம் பின்பக்கம்மா." என்னுடன் வந்தவள் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். பழங்குடி நாளில் ஒரு பழங்குடிப் பெண் நுழைய பேப்பர்காரன் துணை வேண்டியிருந்தது.

உரைகள். அமேசான், ஆஸ்திரேலியா, ஆர்க்டிக், எல்லாம் வந்தன. பிள்ளைப்பாக்கம் வரவில்லை. அ. நன்றாகவே பேசினார். மொழி அழிந்தால் ஒரு உலகமே அழியும் என்றபோது குரல் தழுதழுத்தது. எழுதிக்கொடுத்தவர் அந்த இடத்தில் குறிப்பு போட்டிருக்க வேண்டும்.

பிறகு நடனம். தலையில் இறகு, இடுப்பில் சிறுத்தைப் புள்ளித் துணி, முகத்தில் கரி, கையில் ஈட்டி. வட்டமாக ஓடி "ஊ ஊ" என்று கத்தினார்கள். ரோஜா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "இது இன்னா சார்? நாங்களா?"

மேடையில் அ. அவர்களுக்கு சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, "நம் இருளர் சகோதர சகோதரிகள்" என்றார். ஒருவரிடமும் பாம்பு பிடிப்பாயா என்று கேட்கவில்லை.

பின்பக்க நடைவழியில், முதல் ஆளாக ஆடிய பெண் இறகைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எந்த ஊரு?" ரோஜா கேட்டாள்.

"வடபழனி. சினிமா குரூப் டான்ஸ். நீ?"

"நான் இருளரு அக்கா."

அவள் கை அப்படியே நின்றது. "ஐயையோ. சாரிம்மா. எப்படி டிரெஸ் பண்றதுன்னு கேட்டோம்மா. காட்டுவாசி மாதிரி ஏதாச்சும் போடுன்னுட்டாங்க." நிஜமாகவே வருத்தப்பட்டாள். அந்தக் கட்டடத்தில் இன்று வருத்தப்பட்ட ஒரே ஆள். "ஏதாவதுன்னா கூப்புடு" என்று நம்பர் கொடுத்தாள்.

சாப்பாட்டு வரிசையில் அ. பக்கத்தில் வடதுருவப் பக்கத்துப் பழங்குடிப் பெண்மணி ஒருவர், விருந்தாளி. ரோஜா நேரே போய் நின்றாள். "சார், என் ஃபைலு." இது யார் என்று விருந்தாளி கேட்டார். அ. பல்லெல்லாம் தெரிய ஆங்கிலத்தில், "எங்கள் பழங்குடிப் பெண்களில் ஒருத்தி" என்றார்.

கம்பெனியில் கேட்டுப் பழகிய ஆங்கிலம் ரோஜாவுக்கு அதற்குப் போதும்.

"சார், அத அப்பிடியே எழுதிக் குடுங்க சார்."

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வாம்மா" என்று அ. குலாப் ஜாமூன் பக்கம் நகர்ந்துவிட்டார்.

விருந்தாளி என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். "எங்களிடம் பனிமான் எங்கே என்று கேட்பார்கள். என் அப்பா பஸ் டிரைவர்" என்றார்.

எல்லாவற்றையும் எழுதி, நடனப் படத்துடன் பேப்பருக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செய்தி வரவில்லை. படம் மட்டும் வந்திருக்கிறது, நான்கு பத்தி அகலம், வண்ணத்தில், என் பெயருடன். 'ஒரகடத்தில் இருளர் பழங்குடியினரின் பாரம்பரிய நடனம்.'

பேப்பரின் செய்தி டெஸ்க்குக்குப் போன் செய்தேன். பையன் பணிவானவன், பணிவைத் தவிர வேறொன்றும் இல்லை. "அண்ணே, அவங்க வடபழனின்னு அந்தப் பொண்ணு சொல்றத வச்சு எப்படிண்ணே போடறது? அதிகாரி வாயால வந்தா சொல்லுங்க, போட்டுடலாம்." அந்தத் தொழிற்சாலை விளம்பரம் எத்தனை பக்கம் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான்.

மாத்திரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அ. அறை. மனுக்காரர்கள் கதவு வரை. மேசைமேல் நேற்றைய எங்கள் பேப்பர், அந்த நடனப் படம் மேலே தெரியும்படி மடித்து.

"இதைப் பாரு. உங்க ஆட்டம்தானே? பேப்பர்லயே வந்திருக்கு. இதுகூடத் தெரியலைன்னா நான் எதை நம்பிம்மா கையெழுத்துப் போடறது?" பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேரு போட்டிருக்கே சார்."

இத்தனை வருடத் தொழிலில் என் பெயரால் இப்படி அறை வாங்கியதில்லை.

ரோஜா போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு பேப்பர் மேலேயே வைத்தாள்.

"அக்கா, நான்தான், ஓட்டல்ல பாத்தோமே. இங்க ஒரு சார் நீங்க இருளரான்னு கேக்கறாரு."

"நாங்களா? அய்யோ சார், நாங்க வடபழனி டான்ஸ் குரூப்பு. போன வாரம் ஒரு மால்ல ஆப்பிரிக்கா ஆடனோம் சார். அதே டிரெஸ்ஸுதான்!"

வாசலில் சிரிப்பு. எழுத்தர் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அ. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏற்பாடு பண்ணவங்க அனுப்பினாங்க சார். எனக்கு எப்படித் தெரியும்? பார்க்க அப்படித்தானே இருந்தாங்க."

அதிகாரி வாயால் வந்துவிட்டது. தலைப்பு உட்பட செய்தி என் தலைக்குள் தயார்.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். குரல் தாழ்ந்தது. "சார், மேலிடத்துல இருந்தெல்லாம் அந்த ஃபங்ஷனுக்கு வந்திருந்தாங்க. இது பேப்பர்ல வராதுல்ல? பொண்ணுக்கு நாளைக்கே முடிச்சுடலாம்."

ரோஜா என்னைப் பார்த்தாள்.

"வராது" என்றேன்.

உரிமை என்று சனிக்கிழமை நாள் முழுக்க மைக்கில் சொன்னார்களே, அது இந்த வழியாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். சான்றிதழ் கணினியில் ஏறிவிட்டது. இ-சேவை மையத்தில் ரோஜா அச்செடுத்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை. காரணப் பகுதியில் 'நேரடி விசாரணையில் உறுதி செய்யப்பட்டது' என்று இருக்கிறது. வாழ்க.

பஸ் நிறுத்தத்து டீக்கடை. ரோஜா யூனிஃபார்மில், சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள். நாளை மறுநாள் நர்சிங் பள்ளியில் சேர வேண்டும். இன்றைக்கு இன்னும் ஷிஃப்ட்.

"அப்போ நீங்க எழுத மாட்டீங்களா சார்?"

"வராதுன்னு சொல்லிட்டேனே."

"எங்க சித்தி பொண்ணு ஃபைலு அங்கதான் கீது. பக்கத்து வூட்டு அண்ணன்துகூட. அவங்களயும் பாம்பு புடின்னுதான கேப்பாரு?"

கேட்பார். அவரை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு ரோஜாவுக்குக் கொடுத்துவிட்டதால் மற்ற எல்லோருக்கும் மறுக்கும் தைரியம் வந்திருக்கும். இதைச் சொன்னேன். நான் எழுதினால் மறு விசாரணை என்று இவளுடைய சான்றிதழிலும் கைவைக்கலாம் என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை.

டீயைக் குடித்து முடித்தாள். கம்பெனி பஸ் வந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினாள். படியில் நின்று திரும்பினாள்.

"வியாழக்கிழமை சேந்துடறேன் சார். வெள்ளிக்கிழமை எழுது. எம்பேரையும் போடு."