பாதி தின்று காட்டிய சாப்பாடு

என்னங்க,

சாப்பாடு மேசை மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் பாதியை நானே தின்று காட்டியாகிவிட்டது. இதை எழுதும்வரை உயிரோடுதான் இருக்கிறேன். உப்பு தூக்கல், அந்தக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே எழுத்தாளரின் விஷக் கொலைக் கதைகளை மாதம் முழுக்க நீங்கள் படிக்க, ருசி பார்த்தே எனக்கு மூன்று கிலோ ஏறிவிட்டது.

பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். மறுபடி வர ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று போன தடவை மாதிரி குடையாதீர்கள். தடயம் என்று நீங்கள் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் அவருடைய ஸ்பேனரைக் கொடுத்துவிடுங்கள்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு: நாளையிலிருந்து நானும் அந்த எழுத்தாளரின் கதைகளைத்தான் படிக்கப் போகிறேன். சாப்பாட்டில் யார் முதலில் கை வைப்பது என்று அப்புறம் பார்ப்போம்.