யூரியா விழாத பாதி

சிட்டு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மாடுகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு அவ்வளவாக எழுத வராது, தப்பு இருந்தால் சிரிக்காமல் படி.

போன் செய்கிறபோதெல்லாம் மாட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். உன் சித்தப்பாவும் அதையேதான் பாடுகிறார். போன மாதம் ஒரு மாட்டுத் தரகரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் போனதும் புல் பாதி சோகை பிடித்துக் கிடக்கிறது, தீவனம் இல்லாமல் பால் வற்றும், வற்றின மாட்டை எவன் வாங்குவான், இப்போதே தள்ளிவிடலாம் என்கிறார். தரகர் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "மாட்டை ஓட்டுறதா இருந்தா என்னையும் சேத்து ஓட்டிட்டுப் போங்க, எனக்கும் பல்லு இருக்கு, பாத்துக்குங்க" என்றேன். தரகர் சிரித்துவிட்டார். நான் போட்டு வைத்த டீயைக்கூடச் சித்தப்பா தொடவில்லை.

அது என்ன சோகை என்று உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அப்பா புல்லை அறுத்த கையோடு யூரியா வீசிக்கொண்டே போய், பாதி வயலில் வாளியோடு சாய்ந்தார் இல்லையா. காரியம் முடிந்து நீ கிளம்புகிற வரைக்கும் புல் எல்லாம் ஒரே உயரம்தான். மழை பெய்து உரம் இறங்கின பிறகுதான் தெரிந்தது, அவர் வீசின பக்கம் கருகருவென்று என் இடுப்புக்கு வந்துவிட்டது, வீசாத பக்கம் மஞ்சளடித்து முழங்காலைத் தாண்டவில்லை. நடுவில் கயிறு பிடித்த மாதிரி ஒரு கோடு. அதில் போய் நின்று தினமும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாதியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கோட்டைக் காட்டித்தானே சித்தப்பா தரகரைக் கூட்டி வந்தார். அவர்கள் தலை மறைந்ததும் அரிவாளை எடுத்தேன். இரண்டு பக்கத்தையும் ஒட்ட அறுத்து, தண்ணீர் பாய்ச்சி, அப்பாவின் வாளியிலேயே யூரியாவை அள்ளி வயல் முழுக்க நானே வீசினேன். ஒரேயடியாகக் கொட்டினால் புல் கருகும், தின்கிற மாட்டுக்கும் ஆகாது என்று அவர் கத்துவாரே, அதனால் கையை அடக்கித்தான் வீசினேன். இப்போது வந்து பார், ஒரே பச்சை. பாலும் குறையவில்லை. தரகரை இன்னொரு தரம் கூட்டி வரச் சொல், புல்லையும் பல்லையும் சேர்த்தே காட்டுகிறேன்.

நான் எங்கேயும் வருவதாக இல்லை. சித்தப்பாவிடம் நீயே சொல்லிவிடு, மறந்துவிடாதே. குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. நீங்கள் இரண்டு பேரும் என் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நன்றாக இருங்கள். இன்று காலை அறுக்கப் போனபோது அப்பா சாய்ந்த இடத்தைத் தேடினேன். தெரியவில்லை. இனி அது எந்த இடம் என்று நான் யாரைக் கேட்பேன், சிட்டு?

உன் அம்மா