சிமெண்ட் வைத்து அடைத்த தொட்டி

புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
16.6.2025, திங்கள்

ஷர்மினி அக்காவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை. தீபாவளிக்கு நான் போனில் கத்தியதிலிருந்து என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபால். நியூசிலாந்துக்குப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். படி, இல்லாவிட்டால் கிழித்துப் போடு.

நேற்று உன் கூட்டாளி ரவீந்திரன் வந்தான். நீ விட்டுப்போன எல்ம் போன்சாய்க் குட்டை மரத்தைக் கிள்ளானுக்கு எடுத்துப் போகச் சொன்னாயாம். "உங்க வீட்ல இருந்தா மரம் செத்துரும்னு அக்கா பயப்படுறாங்க லா" என்று என்னிடமே சொல்கிறான். வெறுங்கையோடு திரும்பினான். உன்னிடம் ஒரு கதை சொல்லியிருப்பான். என் பக்கத்தையும் கேள்.

மரம் சாகத்தான் பார்த்தது. ஏப்ரலிலேயே இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த இரண்டு துளைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது. அம்மாவைக் கேட்டேன். "ஊத்த ஊத்த ஒழுகுதுடா. ஓட்டைத் தொட்டியா பாத்து வாங்கி வச்சிட்டுப் போயிருக்கா. அப்பளசாமி மாமாகிட்டச் சொல்லி அடைச்சேன்" என்றாள். பக்கத்து வீட்டு மாமாவும் குளியலறைத் தரை மாதிரி வழவழவென்று பூசிக் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டு வெளியே வராது. அதன் மேல் தினமும் அரிசி கழுவிய தண்ணீர். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு அரை டம்ளர் பால். தொட்டிக்குக் குங்குமப் பொட்டு வேறு.

சிரிக்காதே. போன வருடம் ரவீந்திரன் வழியாக மூன்று பக்கம் குறிப்பு அனுப்பினாயே, வெயில் எவ்வளவு, உரம் எவ்வளவு என்று. அம்மா எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒரு வரி உண்டா?

கிளையை வளைக்க நீ சுற்றிய செம்புக் கம்பியும் கிளையிலேயே கிடந்தது. என் டூல் பாக்ஸிலிருந்து எடுத்து உரித்த ஒயர்தான் அது, தெரியாது என்று நினைத்தாயா? நாலைந்து மாதத்தில் கழற்ற வேண்டியதை மூன்று வருடம் விட்டு வைத்திருக்கிறாய். பட்டைக்குள் இறங்கிவிட்டது. செம்பனை எண்ணெய் ஆலையில் நான் ஒரு மின் பேனலைத் திறந்து போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினால், மறுநாள் எனக்கு வேலை இருக்காது.

உளியால் சிமெண்டைத் தட்டினேன். தொட்டி இரண்டாகப் பிளந்தது. தஞ்சோங் காராங் சாலையோரக் கடையில் பேரம் பேசி வாங்கினாயே, அந்த நீலத் தொட்டி. வருத்தமெல்லாம் இல்லை. வேர் கறுத்துக் கொழகொழத்து, சாக்கடை நாற்றம். முக்கால்வாசியை வெட்டி எறிந்தேன். நீ பார்த்துப் பார்த்து வளைத்த இடது கிளை பட்டுப்போயிருந்தது. அதையும் அறுத்தேன். உன் வடிவம் போயிற்று. வலது பக்கம் ஒரு குச்சிக்கு மட்டும் உயிர் இருக்கிறது, அதையே உச்சியாக நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். சின்னக் கல்லும் மணலும் கலந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் பன்னிரண்டு துளை போட்டு நட்டாயிற்று. பார்க்க அசிங்கம். தண்ணீர் ஒழுங்காக வடிகிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தொட்டி ஒழுகுகிறது, என்னவென்று பார் என்று அம்மா முதலில் என்னிடம்தான் சொன்னாள். ஒரு மாதம் சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில், சும்மா இரும்மா என்று எரிந்து விழுந்தேன். எழுந்து போய்ப் பார்த்து, தண்ணீர் வடியத்தான் அந்தத் துளை என்று சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை. அதற்கு உன்னைத் திட்ட முடியாது. மற்றதற்கெல்லாம் திட்டுவேன்.

நீ சொல்லாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது, இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்றாள் அம்மா. கோபத்தில் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் பேச்சை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான். மூன்று வருடமாக விடாமல் கேட்கிறாய்.

நேற்று ரவீந்திரன் டப்பாவைத் தூக்கக் குனிந்தபோது நான் தடுக்கவில்லை. சனியன் ஒழிந்தால் சரி என்றுதான் நின்றேன். அம்மாதான் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து குறுக்கே நின்றாள். "ஷர்மினி வந்து எடுத்துட்டுப் போகட்டும். வேற யாரும் தொடக்கூடாது" என்றாள். மூன்று வருடத்தில் உன் பெயரை அவள் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். ரவீந்திரன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரை எடுத்தான்.

மரம் துளிர்க்குமா என்று இந்த மாதக் கடைசியில் தெரியும். துளிர்க்காமலும் போகலாம், நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். இனி ஆள் அனுப்பினால் கேட் திறக்காது. துளிர்த்தால் வந்து எடுத்துப் போ. செத்தால் வந்து என்னைத் திட்டு.

உனக்குத்தான் எழுதுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை, "பசியாறிட்டாளான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே. அம்மாவின் போன் நம்பர் மாறவில்லை.

கோபம் தீராத தம்பி,
பவனேஷ்